உபயம் போடாத கச்சேரி

ஆகஸ்ட் 8, வியாழன். சேலம்

ஆடிப்பதினெட்டு முடிந்து காலண்டர் ஆல்பம் வந்த வாரத்தில் சிவகாசி அச்சகத்தில் எவனாவது லீவு கேட்பானா? நான் கேட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வீட்டுல யாருக்கும் முடியலையா?" என்றார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், ஏற்காட்டில் ஒரு கச்சேரி என்றேன். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்கு வந்து நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் விட்டார்.

கச்சேரியைக் கண்டுபிடித்தது சேலத்து நண்பன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பட்டறை வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு நோட்டீஸைப் போனில் அனுப்பினான். கையால் எழுதி, மை தீர்ந்த ஜெராக்ஸ் மெஷினில் எடுத்தது போல அழுக்காக இருந்தது. "ஸ்பான்சர் இல்லை. மேடை இல்லை. இடம் அன்றைக்குத்தான் சொல்வோம். மலைக்கு வா." அவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில் நுழைவு 1,800 ரூபாய்.

எங்கள் இரண்டு பேரையும் விழ வைத்தது அந்த அழுக்குதான். 2003இல் மதுரையில் படித்தபோது நாங்கள் ஒரு ஜெராக்ஸ் பத்திரிகை நடத்தினோம். நான்கு இதழ் வந்தது. பெயரைச் சொன்னால் இப்போது எனக்கே சிரிப்பு வரும். பக்கத்துக்கு 50 காசு, எட்டுப் பக்கம், 48 பிரதி, ஆக 192 ரூபாய். அதற்குமேல் கையில் இல்லாததால்தான் 48. சி.சு.செல்லப்பா 1959இல் 'எழுத்து' என்ற சிறுபத்திரிகையை ஆரம்பித்தார், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார் என்று யாரோ சொல்லக் கேட்டு, நாங்களும் ஒரு ஜோல்னாப் பையை மாட்டிக்கொண்டு அலைந்தோம். முதல் இதழ் 11 பிரதி விற்றது. அதில் மூன்று கடன்.

இப்போது இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. அந்த நமைச்சல் மட்டும் போகவில்லை.

சாயங்காலம் சேலத்தில் இறங்கியபோது ஊரே தெருவில் நின்றது. குகை என்கிற பேட்டையில் இன்று வண்டி வேடிக்கை. ஆடித் திருவிழாவில் வேண்டுதல் வைத்தவர்கள் சாமி வேஷம் போட்டு, ஜோடித்த வண்டியில் ஏறி வருவார்கள். ஒரு காலத்தில் மாட்டு வண்டி. இப்போது பெரும்பாலும் லாரியும் டிராக்டரும். நல்ல வண்டிக்குப் பரிசு உண்டு என்பதால் தெருவுக்குத் தெரு போட்டி. ஒரு வண்டியில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டு வயிற்றிலிருந்து சிவப்புத் துணியை மீட்டர் மீட்டராக உருவிக்கொண்டிருந்தார். அடுத்ததில் முருகன், ஐந்து வயது இருக்கும், வேலைக் கட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டான். மயிலுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருந்த அவன் அம்மா, கூட்டம் கை தட்டும்போதெல்லாம் முதுகில் தட்டி எழுப்பினாள். அவன் கண்ணைத் திறந்து ஆசீர்வாதம் செய்துவிட்டு மறுபடி தூங்கினான்.

நரசிம்மர் தலைக்கு மேலே ஆறடி போர்டில் ஒரு பாத்திரக்கடை விளம்பரம். முருகனுக்கு மேலே நகை அடகுக்கடை. ஜெனரேட்டர் வண்டியில்கூட 'உபயம்' என்று போட்டு மூன்று பேர் பெயர், அதில் ஒருவருக்கு போட்டோவும்.

"என்னடா இது, சாமியை விட கடை பெருசா இருக்கு" என்றேன்.

"காசு குடுத்தவன் பேரு போட மாட்டானா?" என்றான் நண்பன். அவனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நான் பெரிய ரசிகன் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டேன். நாளன்றைக்கு மலையில் இந்தத் தொல்லை இருக்காது என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை நண்பன் இன்றுவரை மறக்கவில்லை.

ராத்திரி தட்டுவடை செட் 40 ரூபாய். சின்னத் தட்டுவடை, மேலே சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன் மேலே இன்னொரு தட்டுவடை. வாயில் முழுதாகப் போட வேண்டும். நான் கடித்துத் தின்றதில் சட்னி சட்டையில் இறங்கியது. "வெளியூருங்களா?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் கேட்காமலே இன்னொரு தாள் கொடுத்தார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி. மலை ஏறியது

நண்பனுடைய பழைய பைக். இரண்டு பேர் எடை, ஒரு பை, மழைக்கோட்டு ஒன்றுதான்.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவில் நிறுத்தினோம். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கியது. நூற்றுக்கு மேல் படம் எடுத்த ஸ்டூடியோவில் இப்போது மிச்சம் இந்த வளைவுதான். இரண்டு கல்லூரிப் பெண்கள் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள். பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர் ஹாரன் அடிக்காமல் பொறுமையாகக் காத்திருந்தார். சேலத்தில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு. பதினொன்றாவதில் பைக் இருமியது, பதினான்காவதில் மழை பிடித்தது. மழைக்கோட்டை யார் போடுவது என்று பேசி முடிப்பதற்குள் இருவரும் நனைந்துவிட்டோம்.

லாட்ஜில் போனில் சொன்ன வாடகை 1,500. நேரில் 2,800. "சனி ஞாயிறு ரேட்டுங்க" என்றார் மேனேஜர். இன்றைக்கு வெள்ளி என்றோம். காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊர் காலண்டர்தான், படம் போட்டவரைக்கூட எனக்குத் தெரியும். "வெள்ளியும் அதுல சேர்த்திங்க" என்றார்.

ஏரிப் பக்கம் மிளகாய் பஜ்ஜி, ஆறு 60 ரூபாய். பஜ்ஜி போடும் அம்மா கல்லாவுக்கு மேலே கட்டியிருந்த பெரிய குடையை எங்கள் பக்கம் சாய்த்துவிட்டு, தான் பாதி நனைந்துகொண்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டார். வேண்டாம் என்றால், "நா தினம் நனையறவ கண்ணு" என்றார். பட்டர் ஃப்ரூட் கிலோ 120 என்று கூவிக்கொண்டிருந்தார்கள். வாங்கவில்லை. படகில் ஏறவில்லை. தூங்கினோம்.

ஆகஸ்ட் 10, சனி. அந்த எஸ்டேட்

நாலு மணிக்கு இடம் வரும் என்றார்கள். நாலு இருபதுக்கு வந்தது, தப்பாக வந்தது. மேப்பைப் பார்த்துப் போனால் பூட்டின கேட், உள்ளே ஒரு நாய். பாதை சேறாகிவிட்டதால் பைக்கை அங்கேயே போட்டுவிட்டு, காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்தோம். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டுகிறது. எதிரே பத்தடிக்கு மேல் பனியில் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் என் செருப்பு வார் அறுந்தது.

விறகுக் கட்டோடு ஒரு அக்கா எதிரே வந்தார். கட்டிலிருந்து ஒரு சணலை உருவி, செருப்பை என் காலோடு சேர்த்து அவரே கட்டிவிட்டார். அப்புறம் கேட்டார்: "ஷூட்டிங்குக்கா போறீங்க?"

"இல்லைங்க்கா, கச்சேரி."

"ஷூட்டிங்னுதான சொன்னாங்க. மூணு நாளா லாரி வருது. செங்கல் செவுரு கொண்டாந்து எறக்குனாங்க."

செங்கல் சுவரை எப்படி லாரியில் இறக்குவார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

வாசலில் கறுப்புச் சட்டை போட்ட ஆறு பேர். எங்கள் போன்களை வாங்கிக் கேமரா கண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அப்போது மனசு நிறைந்துவிட்டது. இது பெர்லின் வழக்கம். 1989இல் சுவர் விழுந்த பிறகு கிழக்குப் பக்கம் ஆளில்லாமல் கிடந்த கட்டடங்களில் பிள்ளைகள் புகுந்து டெக்னோ இசை போட்டு ஆடினார்கள். அந்த வழியில் வந்த கிளப்புகளில் இன்றும் கேமராவை ஒட்டிவிடுவது உண்டு. உள்ளே ஆடுகிறவன் எவன் கண்ணுக்கும் பயப்படாமல் ஆடட்டும் என்று. அது ஏற்காடு வரை வந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன். ஸ்டிக்கரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு வரைந்திருந்தது. அழகுக்கு என்று நினைத்தேன். இன்னொரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். மழையில் யார் படிப்பது?

உள்ளே முந்நூறு பேர் இருப்பார்கள். முதலில் கண்ணில் பட்டது அந்தச் செங்கல் சுவர். இடிந்த சுவர், மேலே ஸ்பிரே பெயிண்ட், ஓட்டைகள், பாசி. பக்கத்தில் போனதும் என் தொழில் குறுக்கே வந்துவிட்டது. நான் இருபது வருஷமாக அச்சடித்த படங்களைப் பார்த்துச் சோறு தின்கிறவன். நாலடிக்கு ஒரு தடவை அதே செங்கல் உடைந்திருந்தது, அதே இடத்தில் அதே பாசி. பிளைவுட்டில் ஒட்டிய ஃப்ளெக்ஸ். விரலால் சுண்டினேன். டப் என்றது. ஸ்பிரே எழுத்தும் அச்சுதான்.

இப்படி ஒன்று அமெரிக்காவில் 2005இல் நடந்தது. சோனி கம்பெனி தன் கையடக்க விளையாட்டுக் கருவிக்காகக் காசு கொடுத்துச் சில நகரத்துச் சுவர்களில் தெரு ஓவியம் போல வரைய வைத்தது. கம்பெனி பெயரே இல்லாமல். உள்ளூர் சுவர்க்காரர்கள் அதன் மேலேயே திட்டி எழுதினார்கள். அவர்களுக்காவது திட்டி எழுத நிஜச் சுவர் கிடைத்தது.

காப்பி ஒரு மண் குவளை 180 ரூபாய். போர்டில் "ஆதிகுடிகள் மறைத்து வைத்த மலைப் பானம்" என்று எழுதியிருந்தது. சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. இதை ஏற்காட்டில் எந்தக் கைடும் சொல்வார். மலையாளிப் பழங்குடி மக்கள் இதை எங்கே ஒளித்து வைத்தார்கள், எதற்கு ஒளித்தார்கள்? குவளை நன்றாக இருந்தது. காப்பி ஆறியிருந்தது.

அப்புறம் அந்த இதழ். இலவசம் என்று எல்லோர் கையிலும் திணித்தார்கள். எட்டுப் பக்கம். ஜெராக்ஸ் அழுக்கு, கோணலாக ஒட்டிய டைப் எழுத்து, ஓரத்தில் கறுப்புப் பட்டை, நடுவில் பின் அடித்த இடத்தில் துருக்கறை. நண்பன் அதை மார்போடு அணைத்துக்கொண்டான். உண்மையாகவே கண் கலங்கியிருந்தான். "நம்ம இரண்டாவது இதழ் மாதிரியே இருக்குல்ல?"

எனக்கு விரல் சொல்லிவிட்டது. ஜெராக்ஸ் தாளின் கனம் 70, 75 ஜிஎஸ்எம். இது 120 இருக்கும், நேச்சுரல் ஷேட், மடித்தால் முறுக்கென்று நிற்கிறது. ஜெராக்ஸ் பொடி தாளின் மேலே உட்காரும், மடிப்பில் உதிரும், எச்சில் தொட்டுத் தேய்த்தால் கையோடு வரும். நான் தேய்த்தேன், வரவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அழுக்குக்குள் நீலப் புள்ளி, மெஜந்தா புள்ளி, மஞ்சள் புள்ளி, கறுப்பு, நாலும் பூப் போல வட்டம் கட்டி நின்றன. துருக்கறைக்குள்ளும் அதே. ஜெராக்ஸ் இல்லை, நாலு வண்ண அச்சு. நிஜப் பின் பளபளவென்று புதுசாக இருந்தது, அதைச் சுற்றித் துரு அச்சாகியிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்தில் ஓலைச்சுவடி மாதிரி கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம். கறையான் அரித்த ஓரம்கூட உண்டு. பழசு மாதிரி அடிப்பது பாவம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் அந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் யாரும் அது சோழர் காலத்தது என்று நம்பிக் கண் கலங்குவதில்லை.

ஆறாம் பக்கத்தில் 'சேலத்துத் தெருமொழி' என்று ஒரு அகராதி. 'மேகம் போடு' என்றால் சும்மா இரு, 'சில்லு குத்து' என்றால் நல்ல பாட்டு, இப்படிப் பன்னிரண்டு. நண்பன் கலங்கிய கண்ணோடு படிக்க ஆரம்பித்து, நாலாவது வார்த்தையில் நிமிர்ந்தான். "இத எந்த ஊர்ல பேசறாங்க? நா செவ்வாய்ப்பேட்டையில பொறந்து வளந்தவன்டா."

1992இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை சியாட்டில் நகரத்து கிரஞ்ச் இசைப் பிள்ளைகளின் மொழிக்கு இதே மாதிரி ஒரு பட்டியல் போட்டது. தகவல் கேட்டுப் போன் வந்தபோது, எதிர்முனையில் பேசிய மேகன் ஜாஸ்பர் என்ற இசைக் கம்பெனி ஊழியர் வாய்க்கு வந்ததையெல்லாம் அங்கேயே உண்டாக்கிச் சொல்லியிருக்கிறார். பத்திரிகை அப்படியே அச்சிட்டது. அதில் எனக்குப் பிடித்தது, ஏமாற்றியது உள்ளூர்க்காரர், ஏமாந்தது பெரிய பத்திரிகை. இங்கே தலைகீழ்.

ஏழு மணிக்குப் பறை. எட்டுப் பேர், நடுவில் பெரியவர் ஒருவர், அறுபது இருக்கும். எரித்த தீயில் பறையைக் காய்ச்சி அவர் முதல் அடி போட்டபோது, இவ்வளவு நேரம் நடந்த எல்லாமே ஒரு நிமிஷம் எனக்கு மறந்துபோனது. மழையில் தோல் தளரத் தளரத் தீக்கு ஓடுவதும் திரும்பி வந்து அடிப்பதுமாக முக்கால் மணி நேரம். அது பொய் இல்லை. முரட்டுப் பழுப்பு வேட்டி, சட்டை இல்லை, உடம்பில் ஏதோ மண் பூசியிருந்தார்கள். கேமரா ஒட்டாத நாலு பேர் கேமராவோடு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், கேமராவை ஒட்டியது எங்களுக்கு மட்டும்தான்.

முடிந்ததும் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். துண்டால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைகொடுத்தேன். ஆத்தூர் பக்கம் என்றார்.

"குளிரலைங்களா அய்யா?"

"குளுருதான் சாமி. டி-சர்ட்டு போட்டுட்டுத்தான் வந்தோம். கழட்டச் சொல்லிட்டாங்க."

ஒரு பையன் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். பளிச்சென்ற சிவப்பு டி-சர்ட். முன்னால் குழுவின் பெயர், முதுகில் இரண்டு போன் நம்பர், கீழே 'சுப, துக்க நிகழ்ச்சிகளுக்கு அணுகவும்'.

"ஏன் கழட்டச் சொன்னாங்க?"

"வெளம்பரம் மாதிரி இருக்குதாம்."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. சாவுக்கு ஆளுக்கு ஆயிரம் கிடைக்கும், இங்கே மூவாயிரம், சாப்பாடு தனி, நல்ல பிள்ளைகள், மரியாதையாக நடத்தினார்கள் என்றார். குறையாக ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இத்தன பேரு பாத்தாங்க. நம்பரு இல்லாம யாரு கூப்புடுவாங்க, சொல்லுங்க." என் போனில் நம்பரைப் பதிந்துகொண்டேன். நான் அச்சகத்தில் இருப்பதாகச் சொன்னதும் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "கார்டு அடிப்பீங்களா?"

எட்டரைக்கு ஒரு பெண் கிடாரோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். சொந்தப் பாட்டு இரண்டு பாடினாள். ஒன்று, பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வீட்டுக்கு வரும் அக்காவைப் பற்றி. மைக் சரியில்லை, குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. 1,800 ரூபாயில் பாதி அந்தப் பாட்டுக்கே சரியாகப் போய்விட்டது.

பத்து மணிக்கு விளக்கெல்லாம் அணைந்தது. ஃப்ளெக்ஸ் சுவர் நடுவே பிளந்தது. உள்ளே பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு டின். குளிர்பானம், புதுசு. அதன் வயிற்றில் ஆரஞ்சுச் சொட்டு.

என் போனைத் திருப்பிப் பார்த்தேன். சாயங்காலத்திலிருந்து அந்தச் சொட்டை ஒட்டிக்கொண்டுதான் திரிந்திருக்கிறேன். முந்நூறு பேரும்.

ஒரு பையன் மைக்கைப் பிடித்து, "நம்ம யாருக்கும் அடங்காதவங்க!" என்று கத்தினான். கூட்டமும் கத்தியது. எல்லோருக்கும் ஒரு டின் இலவசம். பாடின பெண்ணையும் பெரியவரையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்திக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண், பானத்தின் பெயர் உள்பக்கம் இருக்கும்படி டின்னைப் பிடித்திருந்தாள். தெரியாமலா, தெரிந்தேவா, என்னால் சொல்ல முடியவில்லை. கழுத்தில் அட்டை போட்ட ஒருத்தி ஓடி வந்து, அவள் மணிக்கட்டை மெதுவாக, மருதாணி காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது போலத் திருப்பிவிட்டுப் போனாள்.

பெரியவர் டின்னை வாங்கிய உடனே திறந்து குடித்துவிட்டார். அவரை யாரும் திருத்தவில்லை. தாகம்.

பானம் எப்படி என்று கேட்பீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆரஞ்சு மிட்டாய் ருசி.

நடந்து பைக்குக்கு வரும்போது நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. பூட்டின கேட் அருகே வந்ததும், "வாசல்ல ஒரு தாள்ல கையெழுத்து போட்டோமே, அது என்னன்னு கேட்டேன்" என்றான்.

"என்னவாம்?"

"நம்ம மூஞ்சிய அவங்க விளம்பரத்துல போட்டுக்கலாமாம். 1,800 குடுத்து நடிச்சுட்டு வந்திருக்கோம் மாப்ள."

உள்ளே அந்த நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது. வேலையை ஒழுங்காகப் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. சேர்வராயன் கோயில்

காலையில் மழை விட்டிருந்தது. கீழே இறங்குவதற்கு முன்னால் சேர்வராயன் கோயிலுக்குப் போகலாம் என்றான் நண்பன். மேலே வெட்டவெளி, காற்று ஆளைத் தள்ளுகிறது, மண் செந்நிறம். ஒரு காலத்தில் இந்த மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள்.

சாமி இருப்பது குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். நான் போதுமான அளவு குனியவில்லை, நெற்றியில் இடித்துக்கொண்டேன். "அண்டர்கிரவுண்டு பாக்கணும்னு வந்தியே, நல்லா பாத்துக்க" என்றான் பின்னாலிருந்து. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். குளிர், சொட்டுத் தண்ணீர், கற்பூரப் புகை. பூசாரி திருநீற்றை என் வீங்கிய நெற்றியில் அழுத்தாமல் பார்த்துப் பூசினார். தட்டில் பத்து ரூபாய் போட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, முகம் மாறவும் இல்லை.

வெளியே கடையில் டீ குடித்தோம். கூரையில் ஒரு ட்யூப்லைட், அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் தலையிலிருந்து கால் வரை உபயம். பெயர், அப்பா பெயர், ஊர், தொழில். வெளிச்சம் வருவதற்கு இடமே இல்லை. எத்தனையோ தடவை இதைக் கிண்டல் செய்திருக்கிறேன். எல்லாத் தமிழனும் செய்திருப்பான். இன்றைக்கு அந்த மனிதரின் பெயரை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். லைட் வாங்கிக் கொடுத்தார், வாங்கிக் கொடுத்தேன் என்று எழுதிவிட்டார், விவகாரம் முடிந்தது. வண்டி வேடிக்கையில் நரசிம்மர் தலைக்கு மேலிருந்த பாத்திரக்கடையும் அப்படித்தான். அதற்காக அங்கே யாரும் என்னைக் கண் கலங்க வைக்கவில்லை.

"நேத்து ராத்திரி உபயம் இல்லாததுதான் தப்பு" என்றேன்.

நண்பன் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டே, "நேத்து எல்லாமே உபயந்தான். பேரு மட்டும் பத்து மணிக்குச் சொன்னாங்க" என்றான். பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது.

இறங்கும்போது கியரிலேயே இறக்கினான். ஐந்தாவது வளைவில் நிறுத்தி, பையிலிருந்து அந்த இதழை எடுத்து என்னிடம் கொடுத்தான். வீட்டில் வைத்தால் மனைவி கேட்பாளாம்.

ஆகஸ்ட் 12, திங்கள். சிவகாசி

நேராக பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷிப்ட். காலில் இன்னும் அந்த அக்கா கட்டின சணல்.

இதழை மெஷின்மேனிடம் காட்டினேன். இவ்வளவு கதையும் சொன்னேன். அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. லென்ஸை வைத்துத் துருக்கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரிஜிஸ்டர் பாருங்க, நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு, முடி அளவு நகரல. நல்ல கை. யாரு அடிச்சது?"

எனக்கும் அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை. எட்டுப் பக்கத்திலும் அச்சகத்தின் பெயர் இல்லை. எங்கள் இதழில்கூடக் கடைசிப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தோம். அதற்காக அவர் ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். இதழைப் புரட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை சாம்பிள் கட்டுல வைங்க. மெட்ராஸ் பார்ட்டி ஒண்ணு அழுக்கா வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கு" என்றார்.

வைத்தேன். வேலை வேலைதானே.

மத்தியானம் ஆத்தூர்ப் பெரியவர் போன் செய்தார். கார்டு விஷயம். ஐந்நூறு போதும் என்றார். சும்மா அடித்துத் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை, தாள் காசாவது வாங்கிக்கொள்ளச் சொன்னார். எந்த மாதிரி வேண்டும், பழைய தாள் மாதிரி, பறைத்தோல் மாதிரி, அப்படி ஏதாவது டிசைன் போடட்டுமா என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

"அதெல்லாம் எதுக்குங்க. பளபளன்னு இருக்கோணும். செவப்புல போடுங்க. நம்பரு பெருசா."